அரை நாள் லீவு

பிப்ரவரி 18

வாலுக்கு,

உன் போனில் என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாய். வீட்டு போனில் என் குரலைக் கேட்டதும் அம்மா வைத்துவிடுகிறாள். அதனால்தான் காகிதத்தை எடுத்திருக்கிறேன். இது பள்ளிக்கூடத்துக் காகிதம் இல்லை, கடையில் வாங்கியது. அதைச் சொல்லாவிட்டால் அதற்கும் ஏதாவது குத்தலாகச் சொல்வாய்.

அறைச் சாவியைக் கதவின் கைப்பிடியிலேயே தொங்கவிட்டுப் போயிருக்கிறாய். திருட வந்தவன்கூடக் கதவை ஒழுங்காகச் சாத்திவிட்டுப் போவான். இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் முதல் வருஷம்கூட முடியவில்லை. முதல் வருஷத்தில் யாருக்கும் ஊருக்குப் போக லீவு கிடையாது என்று கையெழுத்துப் போடும்போதே படித்துக் காட்டினேன். அந்த விதியை நான் எழுதவில்லை. அதன்படி நடக்க வேண்டியவள் மட்டும்தான் நான்.

முதலாளியம்மா என்னைக் கூப்பிட்டு, "நீங்கதானே அவளைச் சேர்த்துக்கச் சொன்னீங்க? உங்களுக்கு அவளை எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். தெரிந்தவர்கள் மூலம் வந்தவள் என்றேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோஆர்டினேட்டர் நாற்காலியில் உட்கார்ந்த பிறகு நான் யார் முன்னாலும் இப்படிக் கூனிக்குறுகி நின்றதில்லை. அதைச் சாதித்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாய், சந்தோஷமா?

புது மிஸ் வரும்வரை உன் சின்ன வகுப்பு என் தலையில்தான். முழங்கால் உயர நாற்காலிகளுக்கு நடுவில் நாள் முழுக்கக் குனிந்து நிமிர்கிறேன். உன் அலமாரியைத் திறந்தால் காய்ந்துபோன பசையும் ஒரு கண் போன கைப்பொம்மையும்தான் இருக்கின்றன. ஏப்ரலில் பெற்றோர் நாள். பாடத்தை எதுவரை நடத்தினாய் என்றாவது எழுது. என்மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் அந்தப் பிள்ளைகள் உனக்கு என்ன செய்தன?

அப்பாவைப் பற்றி எழுத இப்போது எனக்குத் தெம்பு இல்லை. நான் அழவே இல்லை என்று அம்மாவிடம் சொல்லியிருப்பாய். பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறவளை யாருக்குத் தெரியப்போகிறது.

அக்கா


மார்ச் 2

உயர்திரு பெரிய மிஸ் அவர்களுக்கு,

தெரிந்தவர்கள் மூலம் வந்தவள் எழுதிக்கொள்வது. தங்கள் கடிதம் கிடைத்தது. கடைசியில் "அக்கா" என்று கையெழுத்துப் போட்டிருந்தீர்கள். யாருக்கு அக்கா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன்.

போதும், இந்த மரியாதை எனக்கு வராது. உன்னிடம் நேராகவே கேட்கிறேன். அன்றைக்கு ஸ்டாஃப் ரூமில் நடந்தது உனக்கு ஞாபகம் இருக்கிறதா, இல்லை அதையும் குழாயைத் திறந்துவிட்டுக் கழுவிவிட்டாயா?

ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் முதலாளியம்மா நின்றுகொண்டு புது பேனருக்கு நிறம் பார்த்துக்கொண்டிருந்தாள். நீ பக்கத்தில் நின்று நீலம் நன்றாக இருக்கிறது என்றாய். அப்போதுதான் எனக்குச் சித்தப்பாவிடமிருந்து போன் வந்தது. காலையில் பால் வாங்கப் போன அப்பா கடை வாசலிலேயே சரிந்துவிட்டார் என்றார். எனக்கு அந்த அறையில் யார் இருக்கிறார்கள், என்ன பொய் சொல்லி வைத்திருக்கிறோம் என்பதெல்லாம் மறந்துபோய்விட்டது. ஓடி வந்து உன் கையைப் பிடித்துக்கொண்டு, அந்த ஊரில் யாருக்கும் புரியாத நம்ம பாஷையில், "அக்கா, அப்பா போயிட்டாருக்கா" என்றேன்.

நீ முதலில் முதலாளியம்மாவைப் பார்த்தாய். அப்புறம்தான் என்னைப் பார்த்தாய். அவள் உன்னிடம், "என்ன சொல்றா இவ?" என்று கேட்டாள். "தெரியலை, அவங்க பாஷை" என்றாய். பிறகு என் கையை உன் கையிலிருந்து எடுத்துவிட்டு, தோளில் இரண்டு தட்டுத் தட்டி, கண்ணாடி மாதிரித் துடைத்த இங்கிலீஷில் சொன்னாய்: "ஐ ஆம் சாரி ஃபார் யுவர் லாஸ்." அரை நாள் லீவு எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னாய்.

என் இழப்புக்கு வருந்துகிறாயாம். அப்பாவை எனக்கே எனக்கென்று எழுதிக் கொடுத்துவிட்டாய். ஊருக்குப் போக லீவு கேட்டு நான் நீட்டிய காகிதத்தில் முடியாது என்று கையெழுத்துப் போட்டதும் நீதான். நான் சாவியைக் கதவில் தொங்கவிட்டது உனக்குப் பெரிய குற்றமாகத் தெரிகிறது.

இங்கே துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும், "மூத்தவ எங்க?" என்று கேட்டார்கள். "லீவு கிடைக்கலை" என்று ஒவ்வொருவரிடமும் அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். எல்லாரும் போன பிறகு என்னை உட்காரவைத்து, "அவ உன்கிட்ட என்ன சொன்னா? ஒரு எழுத்து விடாம சொல்லு" என்றாள். சொன்னேன். "திரும்பச் சொல்லு" என்றாள். திரும்பத் திரும்பக் கேட்டாள். வெங்காயம் உரித்துக்கொண்டே, தலையைக் குனிந்தபடி, உதடு மட்டும் அசையக் கேட்டுக்கொண்டிருந்தாள். அதை நம்ப முடியாமல் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

சரி, பாடத்தை எதுவரை நடத்தினேன் என்று கேட்டாய் அல்லவா. நீ கொடுத்த அரை நாள் லீவை நான் எடுத்துக்கொள்ளவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு வகுப்புக்குப் போனேன். 'என் குடும்பம்' பாடம். அந்த மதியம் நடத்தியதுபோல நான் என் ஜென்மத்தில் பாடம் நடத்தியதில்லை. பெற்றோர் நாளில் எந்த வகுப்பானாலும் கடைசியில் மிஸ் தன் நெஞ்சில் கையை வைத்து இங்கிலீஷில் "நான் யார்?" என்று கேட்பாள், பிள்ளைகள் "நீங்கள் எங்கள் மிஸ்!" என்று கூரை பிய்ந்துபோகக் கத்துவார்கள், பெற்றோர்கள் செல்போனைத் தூக்கிப் படம் பிடிப்பார்களே, உன் முதலாளியம்மா கண்டுபிடித்த அந்த மகத்தான கேள்வி, அதற்குப் பிள்ளைகளை நன்றாகத் தயார் செய்துவிட்டேன். நீ கவலைப்படாதே.

வாலு


மார்ச் 16

வாலுக்கு,

என்ன செய்து வைத்திருக்கிறாய்?

உன் கடிதம் வந்ததும் வகுப்பில் ஒத்திகை பார்த்தேன். நெஞ்சில் கை வைத்துக் கேட்டேன். "நீங்கள் எங்கள் மிஸ்" என்றுதான் சொன்னார்கள். ஆனால் முன் வரிசையில் இருக்கும் இரட்டைச் சடைக்காரி பக்கத்துப் பெண்ணை இடித்துச் சிரித்தாள். ஒருத்தன் வாயைப் பொத்திக்கொண்டான். என்ன விஷயம் என்று கேட்டால் எல்லாம் சேர்ந்து உதட்டில் விரலை வைத்துக்கொள்கின்றன. சாக்லேட் கொடுத்துப் பார்த்தேன். அதைத் தின்றுவிட்டு மறுபடி விரலை வைத்துக்கொண்டன. அந்தக் கேள்வியை என்னால் விட்டுவிடவும் முடியாது. முதலாளியம்மா வருவதே அதைப் பார்க்கத்தான்.

உன்னைப் பொறுத்தவரை நான் ராட்சசி. இருந்துவிட்டுப் போகிறேன். நான் இங்கே ஆபீஸில் கூடமாட வேலை செய்யத்தான் வந்தேன். ஒருநாள் ஒரு மிஸ் வரவில்லை என்று என்னை வகுப்புக்குள் தள்ளினார்கள். என் இங்கிலீஷைக் கேட்ட முதலாளியம்மா, "இந்தக் குரலுக்கு உங்க ஊர் சரிப்படாது" என்று சொல்லி எனக்கு வேறு ஊரும் வேறு பேரும் வைத்தாள். இங்கிலீஷ்காரர்கள் ஊரில் பிறந்து வளர்ந்தவள் என்று பேனரில் போட்டாள். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் உன் காலேஜ் என்ன ஆகியிருக்கும் என்று நீ யோசித்ததில்லை. அப்பாவும் யோசித்ததில்லை. போன் பண்ணினால், "வாலு எப்படியிருக்கா, அவளைப் பார்த்துக்கோ" என்பார். நான் எப்படி இருக்கிறேன் என்று அவர் கேட்ட நாள் எனக்கு ஞாபகம் இல்லை.

அந்தப் பொய்யைச் சட்டை மாதிரிப் போட்டுக்கொண்டேன். அப்புறம் கழற்ற இடம் கிடைக்கவில்லை. அவ்வளவுதான்.

இப்போது நடப்பதைக் கேள். புதுக் கிளை திறக்கிறார்கள். பெற்றோர் நாள் நன்றாக நடந்தால் அதற்கு நான்தான் பிரின்சிபல். பிரின்சிபலுக்கு வீடு தருவார்கள், கூட ஒருவரை அழைத்து வைத்துக்கொள்ள அனுமதியும் உண்டு. அம்மாவை இங்கே அழைத்துக்கொள்ளப் போகிறேன். அப்பாவுக்குச் செய்யாததை அம்மாவுக்காவது செய்கிறேன். அதில் மண்ணை அள்ளிப் போட்டுவிடாதே.

நீ பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக்கொடுத்தாய் என்று உடனே எழுது. ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு ஓடியவர்களின் பெயரை மற்றப் பள்ளிக்கூடங்களுக்குத் தெரியப்படுத்துவது என் வேலை. இதுவரை செய்யவில்லை. செய்யத் தெரியாதவள் இல்லை.

அக்கா


மார்ச் 30

அக்கா,

தாராளமாகத் தெரியப்படுத்து. எனக்கு இங்கே ஒரு கம்ப்யூட்டர் சென்டரின் மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு கிடைத்திருக்கிறது. மின்விசிறி சத்தத்தில் நான் பேசுவது எனக்கே கேட்காது. ஆனால் என் பெயரையும் என் ஊரையும் சொல்லித்தான் பேசுகிறேன். மிரட்டுவதற்கு முன்னால் என்னிடம் பறிக்க என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்த்துவிட்டு மிரட்டு.

என் காலேஜைச் சொல்லிக் காட்டிவிட்டாய். இத்தனை நாள் அதை வாய்க்குள் வைத்துக்கொண்டிருந்தது உனக்குக் கஷ்டமாகத்தான் இருந்திருக்கும். ஒப்புக்கொள்கிறேன், நீதான் படிக்க வைத்தாய். அதற்காக அப்பா செத்ததை உன்னிடம் நான் இங்கிலீஷில் சொல்லியிருக்க வேண்டுமா?

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன், உட்கார்ந்து படி. அந்த பேனரின் போட்டோவை அப்பா தன் போனில் வைத்திருந்தார். அச்சகத்தில் பேப்பர் வெட்டுகிற மனுஷனுக்கு இங்கிலீஷ் எங்கே தெரியும்? உன் முகம் பெரிசாகப் போட்டிருக்கிறதே என்று டீக்கடை, பஸ் ஸ்டாப், அச்சகம் என்று ஓர் இடம் விடாமல் காட்டியிருக்கிறார். அச்சகத்தில் டிசைன் போடுகிற பையன் அதைப் படித்துவிட்டு, "என்னண்ணே, உங்க பொண்ணு வெளிநாட்டுல பொறந்ததா போட்டிருக்கே" என்று கேட்டிருக்கிறான். அப்பா போனை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, "அச்சுப் பிழையா இருக்கும். நான் பார்க்காத பிழையா" என்று சொல்லிவிட்டுக் கட்டிங் மெஷின் பக்கம் போய்விட்டாராம். அதற்குப் பிறகு யாருக்கும் அந்த போட்டோவைக் காட்டவில்லை. இதை அம்மா போன வாரம்தான் என்னிடம் சொன்னாள்.

இனி நீ கேட்டதற்குப் பதில். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது மூன்று வாக்கியம். ஒத்திகையில் புத்தகத்துப் பதில், பெற்றோர் நாளில் நிஜப் பதில், அதுவரை பெரிய மிஸ்ஸுக்கு ரகசியம் என்று சொல்லியிருக்கிறேன். தினமும் ஸ்கூல் கேட்டைத் தாண்டும்போது மனசுக்குள் ஒரு தடவை சொல்லிக்கொள்ளச் சொன்னேன். சொல்லிக்கொள்வார்கள். உன் ஸ்கூலில் வாக்குத் தவறாதவர்கள் அவர்கள் மட்டும்தான்.

அந்த மூன்று வாக்கியம் என்ன என்று உனக்குச் சொல்லிவிடுகிறேன், ஒரு காரியம் செய். ஸ்டாஃப் ரூமில், அதே ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில், எல்லாரும் இருக்கும்போது வீட்டுக்கு போன் போடு. நம்ம பாஷையில், "அம்மா, நான்தான் பேசறேன்" என்று வாய்விட்டுச் சொல். முதலாளியம்மா இருந்தால் இன்னும் நல்லது. அம்மா எடுப்பாள், அதற்கு நான் பொறுப்பு. நீ பேசிய அன்றைக்கே சொல்லிவிடுவேன். மாற்றிச் சொல்லிக்கொடுக்க உனக்கு நேரமும் இருக்கும்.

பேசாவிட்டால், கேட்டுத் தெரிந்துகொள். நெஞ்சில் கை வைத்துக் கேள்.

வாலு


ஏப்ரல் 22

வாலுக்கு,

நான் போன் போடவில்லை என்பது உனக்கே தெரியும். போட நினைத்தேன். ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் நின்று எண்ணைக்கூட அழுத்திவிட்டேன். முதலாளியம்மா கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள். போனைப் பைக்குள் போட்டுவிட்டு, பேனர் வந்துவிட்டதா என்று கேட்டேன். அன்றைக்குச் செய்ததையே மறுபடி செய்தேன். கை தானாகவே செய்கிறது.

அந்த ஆத்திரத்தில் உன் பெயரை எல்லாப் பள்ளிக்கூடங்களுக்கும் அனுப்பிவிட்டேன். இனி உனக்கு வெளியில் எங்கேயும் வேலை கிடைக்காது. அனுப்பும்போது மனசுக்கு இதமாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

பெற்றோர் நாள் முடிந்துவிட்டது. என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளத் துடித்துக்கொண்டிருப்பாய். சொல்கிறேன்.

பின்னால் நாற்காலி போதாமல் சுவரோரம் எல்லாம் ஆட்கள் நின்றார்கள். படத்தைக் காட்டினேன், அம்மா, அப்பா, தம்பி என்று அழகாகச் சொன்னார்கள். கடைசியில் நெஞ்சில் கை வைத்தேன். "நான் யார்?" என்றேன். இரட்டைச் சடைக்காரி எழுந்து நின்றாள். அவளைப் பார்த்து எல்லாரும் எழுந்தார்கள். ஒரே குரலில், நீ சொல்லிக்கொடுத்த அதே ஏற்ற இறக்கத்தோடு சொன்னார்கள்.

"நீங்கள் எங்கள் மிஸ்ஸின் அக்கா. உங்கள் அப்பா இறந்துவிட்டார். நீங்கள் வீட்டுக்குப் போகவில்லை."

செத்தேன் என்று நினைத்தேன். எல்லாம் முடிந்தது, கதவு எந்தப் பக்கம் என்று பார்த்தேன். அப்போது கைதட்டினார்கள். எல்லாப் பெற்றோரும் எழுந்து நின்று தட்டினார்கள். ஆறு வயசுப் பிள்ளைகள் பிசிறு இல்லாமல் மூன்று முழு வாக்கியம் சொன்னால் வேறென்ன செய்வார்கள்? அவர்களில் பாதிப் பேருக்கு இங்கிலீஷ் தெரியாது. தெரிந்தவர்கள், ஏதோ நாடகத்தின் வசனம் என்று நினைத்துக்கொண்டார்கள். ஒரு அப்பா, "சோகமா இருக்கு, ஆனா ரொம்ப நல்லா இருக்கு" என்று என் கையைக் குலுக்கிவிட்டுப் போனார்.

கூட்டம் கலைந்ததும் முதலாளியம்மா வந்து, "யார் எழுதினது இது?" என்று கேட்டாள். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியவில்லை. "யாரும் எழுதலை. நிஜம். ஓடிப் போனாளே, அவ என் தங்கச்சி. செத்தவர் எங்க அப்பா. பேனர்ல இருக்கிறது பொய்னு உங்களுக்கே தெரியும்" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். குழாய் எதுவும் திறந்திருக்கவில்லை.

அவள் மெதுவாகக் கைதட்டினாள். "இதையும் கடைசியில சேர்த்துக்கோங்க. இதே குரல்ல, இதே மாதிரி அழுதுக்கிட்டே சொல்லணும். எல்லாக் கிளையிலயும் இதைத்தான் வைக்கப் போறோம்" என்றாள். அவள் நம்பவில்லையா, நம்ப இஷ்டமில்லையா என்று எனக்குத் தெரியாது. புதுக் கிளைக்கு என் முகத்தோடு பேனர் அடித்து வந்துவிட்டது, நீல நிறம். நான் பிரின்சிபல் ஆகிவிட்டேன், வாலு. வாரத்துக்கு ஒரு வகுப்பு என்னைப் பார்த்து, உங்கள் அப்பா இறந்துவிட்டார், நீங்கள் வீட்டுக்குப் போகவில்லை என்று கத்தப் போகிறது. நான் அழுது காட்ட வேண்டும். பெற்றோர்கள் படம் பிடிப்பார்கள்.

நீ நினைத்ததைவிட நன்றாகவே பழி வாங்கிவிட்டாய். இனியாவது உன் மனசு ஆறட்டும்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை மதிய இடைவேளையில், ஜெராக்ஸ் மெஷின் பக்கத்திலிருந்து போன் போடுவேன். இது உன் பேரத்துக்காக இல்லை, அது முடிந்துபோன கதை. எனக்கு அம்மாவோடு பேச வேண்டும். வீடு ஒதுக்கிவிட்டார்கள். ஜன்னலைத் திறந்தால் மரம் தெரிகிறது. அம்மாவை வரச் சொல்லிக் கேட்கப் போகிறேன். அவளைப் போன் பக்கத்தில் உட்கார வை. இதை மட்டும் செய்.

அக்கா


மே 5

அக்கா,

நீ போனை வைத்த பிறகு இங்கே என்ன நடந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும். அதனால் எழுதுகிறேன்.

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கைதட்டிய இடம் வரும்போது எனக்கு வயிறு எரிந்தது. உன் தலையில் இறக்க நினைத்த இடியை அவர்கள் மாலையாகப் போட்டுவிட்டார்களே என்று இருந்தது. அடுத்த பக்கம் படித்ததும், இதைவிடப் பெரிசாக நானே யோசித்திருக்க முடியாது என்று தோன்றியது. கொஞ்சம் திருப்தியாகக்கூட இருந்தது. அம்மா, "வியாழக்கிழமைதானே?" என்று மட்டும் கேட்டாள்.

வியாழக்கிழமை காலையிலேயே தலைக்குக் குளித்துவிட்டு, வெளியே போகும்போது கட்டுகிற புடவையைக் கட்டிக்கொண்டாள். போன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை. மன்னித்துவிட்டாள் என்றுதான் நான் நினைத்தேன். எனக்குப் பொறாமையாக இருந்தது. இவ்வளவு செய்தவளுக்கு இவ்வளவு சீக்கிரமா என்று.

மணி அடித்ததும் அவளே எடுத்தாள். நான் காதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். "அம்மா, நான்தான் பேசறேன்" என்று நம்ம பாஷையில் சொன்னாய். சத்தமாகத்தான் சொன்னாய், பின்னால் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. யாரோ உன்னிடம் ஏதோ கேட்டார்கள். "எங்க அம்மாகிட்ட பேசறேன்" என்று அதற்கும் நம்ம பாஷையிலேயே பதில் சொன்னாய். அப்புறம் அழுதாய். வீடு கொடுத்திருக்கிறார்கள் என்றாய், மரம் தெரியும் என்றாய், "அப்பா போயிட்டாரேம்மா" என்றாய். அதைச் சொல்ல உனக்கு இத்தனை நாள் ஆகியிருக்கிறது.

அம்மா நீ முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டாள். அப்புறம் நிமிர்ந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னாள்.

"ஐ ஆம் சாரி ஃபார் யுவர் லாஸ்."

சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அவளுக்குத் தெரிந்த ஒரே இங்கிலீஷ் அது. சொல்லிக்கொடுத்தவள் நான். வெங்காயம் உரித்துக்கொண்டே, திரும்பச் சொல்லு, திரும்பச் சொல்லு என்று கேட்டாளே, அப்போதே இந்த நாளுக்காகப் படித்துக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்குத் தெரியாது, அக்கா. இதை நீ நம்பவேண்டும் என்றில்லை.

அதற்குப் பிறகு மணி மூன்று தடவை அடித்தது. எடுக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டாள். உன்மேல் எனக்கு இருந்த கோபத்தைத் தேடிப் பார்க்கிறேன். எனக்கென்று ஒரு துளி மிச்சம் வைக்காமல் எல்லாவற்றையும் அவளே எடுத்துக்கொண்டுவிட்டாள். அவளோடு ஒரே வீட்டில் இருப்பவள் இப்போது நான்தான். எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது.

மணி அடித்து ஓய்ந்ததும் புடவை மாற்றப் போனவள், பாதியில் திரும்பி வந்து, "சரியாச் சொன்னேனா?" என்று கேட்டாள்.

"சரியாத்தாம்மா சொன்னே" என்றேன்.

வாலு